நோக்கம் எழுதாத குழுவும் எழுதிக் கெடுத்த குழுவும்

பொழுதுபோக்குக் குழுக்கள் பெரும்பாலும் பணத்தால் உடைவதில்லை. ஆளுக்கொரு குழுவை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதால்தான் உடைகின்றன. ஒரு புகைப்படக் குழுவில் பாதிப் பேர் போட்டிகளுக்குத் தயாராக வேண்டும் என்று சேர்ந்திருப்பார்கள். மீதிப் பேருக்குக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு பேரோடு பேசிக்கொண்டே நடந்தால் போதும். முதல் ஆறு மாதம் இது வெளியே தெரியாது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, அதில் ஸ்டூடியோ விளக்கு வாங்குவதா, பயணம் போவதா என்ற பேச்சு எழும் அன்று தெரியும்.

'இந்தக் குழு எதற்கு' என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பேச்சு அரை மணியில் முடிந்திருக்கும். ஆனால் அந்த வரியை எழுதுகிறவர்களும் அதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு, யாருமே மறுக்க முடியாத வாக்கியத்தை எழுதுவது. 'புகைப்படக் கலையை வளர்ப்பதும் உறுப்பினர்களிடையே நட்பைப் பேணுவதும்' என்று அழகாக எழுதிவிடுவார்கள். அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: கலையை அழிக்கவும் பகையை வளர்க்கவும் எந்தக் குழுவாவது கூடுமா? தலைகீழாக்கினால் அபத்தமாகிற வரி எந்தச் சண்டையையும் தீர்க்காது. 'புதிதாகக் கேமரா பிடிப்பவர் ஓராண்டுக்குள் எல்லாவற்றையும் கேமராவே தீர்மானிக்கும் ஆட்டோ மோடை விட்டு வெளியே வர உதவுவது' என்று எழுதிப் பாருங்கள். விளக்கும் வேண்டாம், பயணமும் வேண்டாம், அடிப்படை வகுப்புக்குச் செலவழிப்போம் என்று முடிவு தானாக வரும். கைதேர்ந்தவர் வந்தாலும் தன் வேலை சொல்லிக்கொடுப்பது என்று அவருக்குப் புரியும். பிடிக்காவிட்டால் வேறு குழு தேடுவார், அதுவும் நல்லதே.

லண்டனின் புஷி பூங்காவில் 2004இல் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் என்ற ஓட்ட நிகழ்வு இதற்கு நல்ல உதாரணம். வாரந்தோறும் 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, ஓடிய நேரம் குறிக்கப்படும். ஆனாலும் இது பந்தயம் அல்ல, நடந்து வருபவருக்கும் இடம் உண்டு என்பதே அதன் அடிப்படை. அதனால்தான் எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். பங்கேற்பாளர் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. 2024இல் வேகச் சாதனைப் பட்டியல்களை இணையதளத்திலிருந்து எடுத்தபோது பலர் கோபப்பட்டார்கள். ஆனால் எடுத்தவர்களிடம் காரணம் தயாராக இருந்தது: புதியவர்களைத் தயங்க வைக்கும் எதுவும் வேண்டாம் என்பதுதான் அது.

'மாதம் இருமுறை கூடிச் சதுரங்கம் ஆடுவது' என்று எழுதுவதும் உண்டு. அது கால அட்டவணை, நோக்கமில்லை. சந்தாவும் வருகை விதிகளும் தனித் தாளுக்குப் போகட்டும்.

இன்னொன்று, தொடங்கியவர் ராத்திரியோடு ராத்திரியாக எழுதி வாட்ஸ்அப்பில் போடுவது. பத்துக் கட்டைவிரல்கள் வரும், அதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்வார். அதற்குப் பதில் ஒவ்வொருவரிடமும் தனியாக இரண்டு கேள்வி கேட்கலாம்: எதற்காக வருகிறீர்கள்? என்ன நடந்தால் வருவதை நிறுத்திவிடுவீர்கள்? என் கணக்கில் இரண்டாவதற்குத்தான் உண்மையான பதில் வரும். கேட்பது எல்லோரிடமும், எழுதுவது மட்டும் ஓரிருவர். எல்லோரும் சேர்ந்து எழுதினால் ஆளுக்கொரு காற்புள்ளி சேர்ந்து வாக்கியம் அரைப் பக்கத்துக்கு நீளும்.

எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் விடுவதும் தவறுதான். 'சிறுவர்களுக்கு அஞ்சல்தலை சேகரிப்பை அறிமுகப்படுத்துவது' என்று எழுதி வைத்த குழுவில் இப்போது பணி ஓய்வு பெற்றவர்கள் மட்டும் உட்கார்ந்து அரிய தலைகளை மாற்றிக்கொண்டிருக்கலாம். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஒன்று சிறுவர்களைத் தேடிப் போக வேண்டும், இல்லையென்றால் வரியை மாற்ற வேண்டும். இரண்டும் செய்யாமலிருந்தால், அந்த வரியை நம்பிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற அம்மா வாசலில் நின்று ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போவார்.