பின் டயர் வழுக்குகிறதா? பந்தய சிமுலேட்டரில் பிடிமானத்தைக் கூட்டும் வழி

வளைவை முடித்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காரின் பின்பகுதி விலகிச் சுழன்றுவிடுகிறதா? காரின் அமைப்புகளை மாற்றும் செட்டப் பக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்காதீர்கள். எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 1: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

விளையாட்டே தரும் செட்டப்புடன், வானிலையையும் எரிபொருள் அளவையும் மாற்றாமல் ஐந்தாறு சுற்றுகள் ஓட்டுங்கள். பிரேக் பிடித்து உள்ளே நுழையும்போது வழுக்குகிறதா, வளைவின் நடுவிலா, வெளியேறும்போதா? மெதுவான வளைவிலா, வேகமான வளைவிலா? எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்.

படி 2: காற்றழுத்தம்

எதைத் தொடுவதற்கு முன்பும் இதைச் சரிசெய்யுங்கள். காற்றழுத்தம் தவறாக இருந்தால் மற்ற மாற்றங்களின் பலன் எதுவுமே தெளிவாகத் தெரியாது. அழுத்தம் மிகுந்தால் டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையில் படியும் பரப்பு சுருங்குகிறது. குறைந்தால் டயர் தளர்ந்து மடங்குகிறது. அளவுக்கு மீறிச் சூடாகிறது.

செட்டப் பக்கத்தில் நீங்கள் வைப்பது குளிர்ந்த டயரின் அழுத்தம். நமக்கு முக்கியம், ஓடிச் சூடான பிறகு காட்டும் அழுத்தம். அசெட்டோ கோர்சா காம்பிட்டிசியோனே என்ற சிமுலேட்டரின் 1.9 பதிப்புக்குப் பிறகு, ஜிடி3 என்ற பந்தயப் பிரிவுக் கார்களுக்கு உலர்ந்த பாதையில் 26 முதல் 27 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை நல்ல அளவு. சில சுற்றுகளுக்குப் பின் இடது பின் டயர் 27.8, வலது பின் டயர் 27.2 காட்டுகிறது என்று வையுங்கள். இலக்கு 26.5 என்றால், இடதில் 1.3, வலதில் 0.7 குறைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு குறைப்பது பலரும் செய்யும் தவறு. வலப்பக்க வளைவுகள் மிகுந்த பாதையில் இடது டயர்களே அதிகச் சுமை தாங்கிச் சூடாகும். வேறு சிமுலேட்டர் என்றால் இலக்கு எண் மாறும், முறை இதுவேதான்.

படி 3: கேம்பரும் டோவும்

நெகட்டிவ் கேம்பர் என்பது சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருப்பது. வளைவில் இது உதவும். ஆனால் பின்சக்கர இயக்கக் காரில் மிகையாக வைத்தால், நேராக முடுக்கும்போது டயரின் உள்விளிம்பு மட்டுமே உழைக்கும். ஐரேசிங் என்ற சிமுலேட்டரில், பிட்டுக்கு (கார் நிறுத்திச் சரிபார்க்கும் இடத்துக்கு) திரும்பியதும் ஒவ்வொரு டயருக்கும் உள், நடு, வெளி என மூன்று வெப்பநிலைகளைப் பார்க்கலாம். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடச் சற்றுச் சூடாக இருப்பது இயல்பு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் கேம்பரைக் குறையுங்கள்.

பின் சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சற்றுத் திரும்பியிருப்பது டோ-இன். ஒரு படி கூட்டினாலே கார் அடங்கும். மிகையானால் டயர் தேய்ந்து சூடாகும், நேர்ப்பாதையில் வேகமும் குறையும்.

படி 4: பின் ஆன்டி ரோல் பார்

இடது, வலது பின் சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி இது. வளைவின் நடுவிலோ வெளியேறும்போதோ வழுக்கினால் இதை ஒரு படி தளர்த்துங்கள். என் அனுபவத்தில், தொடக்கநிலை ஓட்டுநருக்கு மிக விரைவில் பலன் தெரிவது இதில்தான். டயரின் மீது சுமை இரட்டித்தாலும் பிடிமானம் இரட்டிப்பதில்லை. ஆகவே, ஒரே டயரில் சுமை குவிவதைவிட, பின் டயர்கள் இரண்டும் பகிர்ந்துகொண்டால் மொத்தப் பிடிமானம் கூடும். பாரைத் தளர்த்தினால் நடப்பது அதுதான். ஒரேயடியாகத் தளர்த்தினால் முன்பக்கம் திரும்ப மறுக்கும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: மிச்சமுள்ளவை

வேகமான வளைவில் மட்டும் வழுக்கினால் பின் விங்கை (காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் பின்புறத் தகட்டை) ஒரு படி கூட்டுங்கள். காற்றின் கீழழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: மணிக்கு 100 கிலோமீட்டரில் கிடைப்பதைப்போல 200-இல் நான்கு மடங்கு. மெதுவான வளைவில் விங்கை நம்பிப் பயனில்லை. பிரேக் பிடிக்கும்போது வழுக்கினால் பிரேக் பயாஸை (பிரேக் விசை முன், பின் சக்கரங்களுக்குப் பிரியும் விகிதத்தை) சிறிது முன்பக்கம் நகர்த்துங்கள்.

கேம்பரையோ டோவையோ மாற்றியபின் டயரின் சூடும் மாறும் என்பதால், மீண்டும் சில சுற்றுகள் ஓட்டிக் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பந்தய நாளில் பாதை குளிர்ந்திருந்தால், தொடக்க அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.