மாணவி எழுதிய செய்முறையைத் திருத்துவது எப்படி? வீடியோ பதிக்கும் பாடம் ஒன்றை வைத்து

கோபியில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். பவானியிலிருந்து வரும் ஒரு பெண், வலைப்பதிவில் யூடியூப் வீடியோ பதிப்பது எப்படி என்று மூன்று பக்கம் எழுதி, "ஏனுங்ணா, கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்று அனுப்பியிருந்தாள். அடுத்தவர் எழுதிய செய்முறையை முதல்முறையாகத் திருத்தப் போகிறவர்களுக்காக, அதில் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: படிக்காதீர்கள், செய்து பாருங்கள்

கதை, கட்டுரை என்றால் படித்தே திருத்திவிடலாம். செய்முறையை அப்படிப் படித்தால் ஏமாந்துபோவோம். விடுபட்ட இடத்தை நமக்குத் தெரிந்ததைக் கொண்டு மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். அதனால் கூகுளின் வலைப்பதிவுத் தளமான ப்ளாக்கரில் சோதனைக்கென்று புதிதாக ஒரு வலைப்பதிவு தொடங்கி, அவள் எழுதியதை வரிவரியாகச் செய்தேன். எழுதாத எதையும் செய்யக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு. கை நிற்கும் இடத்தில் ஒரு குறி, அவ்வளவுதான். அப்போதே பேனாவை எடுக்க வேண்டாம்.

மூன்றாம் வரியிலேயே கை நின்றது. "ஷேர் பட்டனை அழுத்தி, எம்பெட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்." நான் போனில் செய்துகொண்டிருந்தேன். யூடியூப் ஆப்பில் ஷேரை அழுத்தினால் வாட்ஸ்அப் வரும், லிங்க்கை காப்பி எடுக்கலாம், பதிவில் ஒட்டுவதற்கான கோடு (code, கணினிக்கான கட்டளை வரி) தரும் எம்பெட் மட்டும் வராது. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத் திறந்தால்தான் அது கிடைக்கும். அவள் கல்லூரி லேபில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். படிக்கிறவரோ பஸ்ஸில் நின்றபடி போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார். எழுதியவர் எந்த இடத்தில் இருந்து எழுதினார் என்பது தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். இதற்கு ஒரே வரி போதும்: "இதைக் கம்ப்யூட்டரில் செய்யுங்கள்."

படி 2: காப்பி எடுத்து ஒட்டிப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் எனக்கு ஒரு முழு ராத்திரி போனது. கம்ப்யூட்டருக்கு மாறினேன். ப்ளாக்கரில் இடப்பக்கப் பென்சில் குறியை அழுத்தி, கோடை நேரடியாக எழுதும் ஹெச்டிஎம்எல் வியூவுக்குப் போய், அவள் பாடத்தில் தந்திருந்த ஐஃப்ரேம் கோடை, அதாவது வேறொரு தளத்தின் பக்கத்தை நம் பக்கத்துக்குள் ஒரு பெட்டியில் காட்டும் கோடை, ஒட்டினேன். பெட்டி வந்தது. ஆனால் பெட்டிக்குள் வீடியோவைக் காணோம். என் வலைப்பதிவே அதற்குள் தெரிந்தது, 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்ற அறிவிப்போடு.

எழுத்து எழுத்தாக ஒப்பிட்டும் பிழை தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் மேற்கோள் குறி! அவள் வேர்டில் தட்டச்சு செய்திருக்கிறாள். வேர்டு, நேரான மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடும். கட்டுரைக்கு அது லட்சணம், கோடுக்கு அதுவே வினை. நேர்க்குறியைத்தான் பிரவுசர் குறியாக மதிக்கும். வளைந்த குறியை முகவரியின் முதல் எழுத்து என்று எடுத்துக்கொண்டு, 'இது இந்தத் தளத்திலேயே இருக்கும் ஏதோ பக்கம்' என்று முடிவுகட்டி நம் வலைப்பதிவுக்குள்ளேயே தேடப் போய்விடும். ஆகவே கோடை நோட்பேடில் ஒட்டி, குறிகளை நேராக்கி, அங்கிருந்து காப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

முகவரியிலேயே இன்னொரு சிக்கலும் இருந்தது. மேலே அட்ரஸ் பாரில் 'வாட்ச்' என்று வரும் முகவரியை ஐஃப்ரேமுக்குள் போட்டால் யூடியூப் திறக்க மறுத்துவிடும். 'எம்பெட்' என்று போட்டு, சாய்கோட்டுக்குப் பின் வீடியோவின் 11 எழுத்து அடையாளத்தை எழுதினால்தான் ஓடும். இரண்டாவது எடுத்துக்காட்டில் அவள் வாட்ச் முகவரியைப் போட்டிருந்தாள். அவள் அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை என்பது அங்கே தெரிந்தது.

படி 3: வெளியிட்டபின் எப்படித் தெரிகிறது?

அவள் பாடத்தையே ஒரு பதிவாக ஒட்டி முன்னோட்டம் பார்த்தபோது சிரிப்பு வந்தது. 'கீழே உள்ள கோடைப் பாருங்கள்' என்ற வரிக்குக் கீழே கோடைக் காணோம், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஹெச்டிஎம்எல் வியூவில் ஒட்டிய கோடை பிரவுசர் படித்துக் காட்டாது, செயல்படுத்திவிடும். கோடு எழுத்தாகவே தெரிய வேண்டுமென்றால் அதைச் சாதாரணமாகப் பதிவு எழுதும் கம்போஸ் வியூவில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'சிறியது' என்ற கணிதக்குறி (<) வரும் இடத்தில் எல்லாம் ஆம்பர்சாண்ட், எல், டி, அரைப்புள்ளி என்று நான்கையும் இடைவெளி இல்லாமல் (<) எழுத வேண்டும்.

அளவையும் பார்த்துவிடுங்கள். யூடியூப் தரும் கோடில் அகலம் 560, உயரம் 315 என்று இருக்கும். போன் திரையில் அது வலப்பக்கம் வழிந்து நிற்கும். அகலத்தை 100 சதவீதம் ஆக்கினால் சரி. அவள் உதாரணத்துக்கு எடுத்த வீடியோ, அப்பா குழித்தறியில் ஜமக்காளம் நெய்வதைப் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. இருபுறமும் கறுப்புப் பட்டை. அதற்கு அகலம் 315, உயரம் 560 என்று மாற்றிப் போட்டால் தறி முழுசாகத் தெரிகிறது.

படி 4: இப்போது பேனாவை எடுங்கள்

கூகுள் டாக்ஸில் சஜஸ்டிங் மோடில் திருத்துங்கள். எதை நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்பது எழுதியவருக்குத் தெரிய வேண்டும். இணையம் உலகைச் சுருக்கிவிட்டது என்று தொடங்கிய முதல் பத்தியை அப்படியே நீக்கினேன். கை நின்ற இடங்களில் ஒரு வரி, அரை வரி. மற்றபடி அவள் தமிழைத் தொடவில்லை. 'அமுக்குங்க' என்று எழுதியிருந்ததை 'சொடுக்கவும்' என்று மாற்ற முதலில் கை போனது உண்மை. மாற்றவில்லை.

தகவல் பிழை ஒன்று இருந்தது: "இப்படிச் செய்தால் வீடியோ நம் பதிவுக்குள் ஏறிவிடும்." ஏறாது. வீடியோ யூடியூபிலேயேதான் இருக்கும். இந்த மாதிரி இடத்தில் நாமே சரியான வாக்கியத்தை எழுதிக்கொடுத்துவிடக் கூடாது என்பது என் கட்சி. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் போட்டேன்: "யூடியூபில் அந்த வீடியோவை மறைச்சுட்டா உன்ற பதிவுல என்ன ஆகும் அம்மிணி?"

அன்று ராத்திரியே தறி வீடியோவைப் பிரைவேட் ஆக்கிப் பார்த்திருக்கிறாள். "காணாமப் போயிருச்சுங்ணா!" மறுநாள் அந்த வாக்கியம் இருந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் சந்தில் எதிர்வீட்டுத் தறி எங்கள் ஜன்னல் வழியாகத் தெரியும். அவர்கள் கதவைச் சாத்தினால் தெரியாது. ஐஃப்ரேம் அந்த ஜன்னல்தான்." எனக்கு இது வந்திருக்காது.

படி 5: தெரியாதவரிடம் கொடுங்கள்

திருத்திய பிரதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்காரும்படி அவளிடம் சொன்னேன். வாய் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. அம்மா முதல் வரியிலேயே நின்றுவிட்டாராம். ப்ளாக்கரைத் திறந்ததும் அது ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர்களில் எப்போதும் கணக்கு திறந்தே கிடப்பதால், 'முதலில் உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்துகொள்ளுங்கள்' என்று எழுத எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.