தோடர் மந்துக்குப் போகும்போது: எங்கே பேசணும், எங்கே கேட்கணும்

ஊட்டியைச் சுற்றி எருமை வளர்த்து வாழும் தோடர் பழங்குடியினரின் மந்துகளுக்குப் போகிறவர்கள் முதலில் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். மந்து என்பது மக்கள் குடியிருக்கும் ஊர். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லி, "உள்ளே வரலாமாங்க? படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வாய் திறந்தே ஆக வேண்டிய நேரம் இதுதான். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடலாம், காரணம் கேட்டுக் குடைய வேண்டியதில்லை.

கோயிலைக் காட்டிப் பெரியவர் யாராவது பேசத் தொடங்கினால் குறுக்கே புகாதீர்கள். சுற்றிலும் தாழ்வான கல்சுவர், தவழ்ந்துதான் நுழைய முடிகிற அளவுக்குச் சின்ன வாசல். பூசாரி மட்டுமே உள்ளே போவார். "இணையத்தில் வேறு மாதிரி படித்தேனே" என்று நாம் ஆரம்பித்தால், அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வார். எருமைகளைப் பற்றி அவர் சொல்லவிருந்தது நமக்குக் கிடைக்காமலே போகும். நடுவில் அவர் தயங்கினாலும் பொறுங்கள். அவர் தாய்மொழி தோடா, தமிழில் சொல்ல யோசித்துக்கொண்டிருக்கலாம். வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பூத்தையல் சால்வை வாங்கும்போதும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் இழை எண்ணித் தைப்பது; 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. "இதுக்கா இவ்வளவு விலை?" என்று தைத்த பெண்ணிடமே கேட்பது அநியாயம். எத்தனை நாள் தைத்தீர்கள் என்று கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்.

அப்புறம், உடன் வந்த பிள்ளைகள் அந்தக் கல்சுவரில் ஏறினால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். உடனே இறக்கிவிட்டு, அங்கிருப்பவரிடம் "மன்னிச்சுக்கோங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.