கடையில போட்ட ஐபி ஏற்காட்டுக்கும் கூடவே வரும்

சித்தப்பாவுக்கு செவ்வாய்பேட்டையில கொலுசு பட்டறை. பில் போடுற லேப்டாப்ப போன ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுக்கு தூக்கிட்டு போயிட்டாரு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ரூமுக்கு போய் வைஃபை பாஸ்வேர்ட் அடிச்சா கனெக்டட்னு காட்டுது, ஆனா ஒரு பேஜும் திறக்கல. "ஏன்டா, கடையில நல்லாத்தானே ஓடுச்சு, மலை ஏறுனதுல கெட்டுப்போச்சா?"ன்னு ஃபோன்.

கெடல. விண்டோஸ் இதையெல்லாம் ஒரே இடத்துல வைக்கிறதில்ல. வைஃபை பேரு, பாஸ்வேர்டு எல்லாம் சி டிரைவ்ல புரோகிராம்டேட்டா உள்ள ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி எக்ஸ்எம்எல் ஃபைலா கிடக்கும். ஆனா கண்ட்ரோல் பேனல் வழியா அடாப்டர்ல (லேப்டாப்ப நெட்வொர்க்கோட சேக்குற கார்டு) கையால போட்ட ஐபி, அதாவது நெட்வொர்க்ல லேப்டாப்போட விலாச நம்பர், ரெஜிஸ்ட்ரிக்கு (விண்டோஸ் தன் செட்டிங்ஸ சேத்து வைக்கிற இடம்) போயி அடாப்டர் பேர்லயே உக்காந்துக்கும், அது எந்த ஊரு வைஃபைன்னு பாக்காது. பிரிண்டருக்காக கடையில யாரோ 192.168.1.50னு போட்டு வச்சிருக்காங்க, ரூம் ரவுட்டரோ 192.168.0ல இருக்கு, அப்புறம் எப்படி பேசிக்கும்?

கண்ணால பாக்கணும்னா ரெஜெடிட் திறந்து எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், சர்வீசஸ், டிசிபிஐபி, பாராமீட்டர்ஸ், இன்டர்ஃபேசஸ்னு இறங்குங்க. அடைப்புக்குறிக்குள்ள நீளமா வாயில நுழையாத பேர்ல நாலஞ்சு இருக்கும், ஒண்ணொண்ணும் ஒரு அடாப்டர். உள்ள எனேபிள் டிஹெச்சிபின்னு ஒரு வரி, அது 0ன்னா கையால போட்ட ஐபி, 1ன்னா ரவுட்டர் குடுக்குற ஐபி. பாத்துட்டு மூடிருங்க, இங்க கை வச்சு மாத்த வேணாம். இதே லினக்ஸ்ல நெட்வொர்க் மேனேஜரா இருந்தா ஐபியும் பாஸ்வேர்டும் கனெக்ஷனுக்கு ஒரு ஃபைலா ஒண்ணாவே இருக்கும், இந்த ரோதனையே வராது.

மாத்துறதுக்கு ரன்ல என்சிபிஏ டாட் சிபிஎல்னு அடிச்சு வைஃபை மேல ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், ஐபி வெர்ஷன் 4, ஐபிய ஆட்டோமேட்டிக்கா வாங்குற ஆப்ஷன். சித்தப்பா இத பண்ணிட்டு "இன்னும் வரல"ன்னாரு. கீழ டிஎன்எஸ்னு (வெப்சைட் பேருக்கு ஐபி தேடிக் குடுக்குறது) இன்னொரு பகுதி இருக்கு, ஐபிய ஆட்டோவுக்கு மாத்துனாலும் அது தானா மாறாது, பழைய கடை ரவுட்டர் நம்பரையே புடிச்சிட்டு நிக்கும். ரெஜிஸ்ட்ரில நேம் சர்வர்னு இருக்குற வரி காலியா இல்லாம இருந்தா ரவுட்டர் குடுத்தத விட்டுட்டு அதைத்தான் எடுத்துக்கும். அதையும் ஆட்டோ ஆக்குனதும் நெட் வந்துருச்சு, அப்புறம் ஆளயே காணோம்.

சரி, திங்கக்கிழமை கடையில பிரிண்டருக்கு அந்த 50 வேணுமே? திரும்ப லேப்டாப்ல போடாதீங்க, கடை ரவுட்டர்ல போடுங்க. அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும், லேப்டாப்போட மேக் அட்ரஸ (வைஃபை கார்டோட அடையாள நம்பர்) குடுத்து இதுக்கு எப்பவும் 192.168.1.50னு சொல்லிட்டா போதும், மலையில மலை ரவுட்டர் குடுக்குறத வாங்கிக்கும். சிஎம்டில ஐபிகான்ஃபிக் அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் ஆல் போட்டா பிசிக்கல் அட்ரஸ்னு வரும், அதுதான் மேக். வைஃபை செட்டிங்ஸ்ல ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் ஆன்ல இருந்தா மட்டும் முதல்ல ஆஃப் பண்ணிட்டு அப்புறம் நம்பர எழுதுங்க, இல்லன்னா ரவுட்டர்ல ஒரு மேக், லேப்டாப் காட்டுறது வேற மேக், 50 வரவே வராது.