புகைப்பதை நிறுத்தும் உறுதி நிலைக்கச் செய்ய வேண்டியவை

புகைப்பதை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த முடிவின் வேகத்தை மட்டுமே நம்பி முதல் நாளைத் தொடங்குகிறார்கள். சில நாட்களில் மீண்டும் பற்ற வைத்துவிட்டால், மன உறுதி போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் போதாமல் போவது முன்னேற்பாடுதான். எந்த உதவியும் இன்றி விட முயல்பவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே ஆறு மாதம், ஓராண்டு என்று தாக்குப்பிடிக்கிறார்கள். மருந்தும் ஆலோசனையும் சேரும்போது இந்த எண்ணிக்கை தெளிவாகக் கூடுகிறது. ஆகவே உதவி பெறுவதைத் தோல்வியின் அடையாளமாக யாரும் நினைக்க வேண்டியதில்லை.

உள்ளிழுத்த புகையிலிருந்து, பழக்கத்துக்கு அடிமையாக்கும் நிகோடின் 20 நொடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், உடல் அடுத்த சிகரெட்டைக் கேட்கத் தொடங்குகிறது. விட்ட பிறகு வரும் எரிச்சல், தூக்கமின்மை, மிகுந்த பசி, கவனச் சிதறல் ஆகியவை முதல் 2, 3 நாட்களில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். எனவே, தொடங்கும் நாளை அடுத்த இரண்டு வாரங்களுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த மூன்று நாட்களில் நெருக்கடியான வேலையோ விருந்தோ வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குறைத்துக் குறைத்து விடலாமா என்று பலர் கேட்பதுண்டு. 2016-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், குறித்த நாளில் அடியோடு நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் நான்கு வாரங்களுக்குப் பிறகு புகைக்காமல் இருந்தார்கள். அடியோடு நிறுத்துவதையே நானும் பரிந்துரைப்பேன்.

அந்த நாளுக்கு முந்தைய ஒரு வாரம், புகைக்கும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரம், இடம், உடன் இருந்தவர் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். சாப்பிட்டு எழுந்தவுடன், தொலைபேசியில் பேசும்போது, வேலையிடத்தில் ஒருவர் எழுந்து வெளியே போகும்போது என்று திரும்பத் திரும்ப வரும் தருணங்கள் அதில் தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தத் தருணம் வந்தால் என்ன செய்வேன் என்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். “சாப்பிட்டவுடன் உட்காராமல் நேரே போய்ப் பல் துலக்குவேன்” என்று எழுதினால் அது பயன்படும். “கட்டுப்பாடாக இருப்பேன்” என்று எழுதுவதால் பயனில்லை. இவ்வாறு ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே வகுப்பது உறுதிகளைக் காப்பாற்ற உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே விளக்கியிருக்கிறார். கை தானாகச் சட்டைப்பையைத் தடவும் அந்தக் கணத்தில் யோசிக்க இடமிருக்காது. யோசனையை முந்தைய வாரமே முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு வேட்கையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், எழுதி வைத்த செயல் ஐந்து நிமிடங்களை நிரப்பினாலே போதும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, தோலில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுவதும் சீராக நிகோடின் தரும் பேட்ச்சும், திடீர் வேட்கைக்கு நிகோடின் சூயிங்கமும் சேர்ந்து, தனித்தனியே பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகின்றன. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் சூயிங்கமும், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராமும் பொருந்தும். இதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்வதால்தான் பலர் விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து கைவிட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சில முறை மென்று, காரமோ குறுகுறுப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். அந்த உணர்வு மங்கியதும் மீண்டும் மெல்லுங்கள். ஒரு துண்டு சுமார் அரை மணி நேரம் வரும். மெல்லும்போதும் அதற்கு முந்தைய 15 நிமிடங்களிலும் காபி, பழச்சாறு போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வாயில் புளிப்பு ஏறினால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. வேரனிக்லின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் எந்த மருந்துக்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அதிகம் பேசப்படாத ஒன்று காபி. புகையில் உள்ள வேதிப்பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, கஃபீனை விரைவாகச் சிதைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அதே அளவு காபியில் உள்ள கஃபீன் உடலில் அதிக நேரம் தங்கிவிடும். அதனால் வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் சிகரெட் இல்லாத குறை என்று தவறாக எண்ணிவிட இடமுண்டு. காபியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எடை முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடலாம். அதற்காகப் புகைக்குத் திரும்புவது எவ்வகையிலும் நியாயமாகாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சிகரெட் நழுவிவிடலாம். ‘கெட்டது கெட்டுவிட்டது, இனி அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற எண்ணம்தான் அந்த ஒன்றை முழுப் பெட்டியாக்குகிறது. மீதியை அப்போதே நனைத்து எறிந்துவிட்டு, பேட்ச்சைக் கழற்றாமல் தொடருங்கள். சறுக்கிய தருணத்தைத் தாளில் புதிய வரியாகச் சேர்த்து, அதற்கும் ஒரு மாற்றுச் செயலை எழுதுங்கள். பழையபடி தினமும் புகைக்கத் தொடங்கிவிட்டால், மருத்துவரிடம் சென்று எந்த மருந்தை எந்த அளவில் எத்தனை வாரம் பயன்படுத்தினீர்கள் என்பதைச் சொல்லி, மீண்டும் நிறுத்தப்போகும் நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.