இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்? டிஃபென்சிவ் டேக்கிளுக்கு டபுள் டீம் பாடம்

மகன் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் டிஃபென்சிவ் டேக்கிளாக, அதாவது தடுக்கும் அணியின் முன்வரிசை நடுவில் நிற்பவனாக, சேர்ந்த முதல் வருஷம், ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை டேக்கிள்?" பந்து வைத்திருப்பவனை எத்தனை முறை சாய்த்தாய் என்று அர்த்தம். ஒரு வாரம் பூஜ்யம், அடுத்த வாரம் ஒன்று. பையன் முகம் தொங்கிவிடும். அப்புறம் ஒரு நாள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட தடவை அவன் மேல் இரண்டு பேர் விழுந்து கிடந்தார்கள். அவனுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் நின்ற லைன்பேக்கர், தடுக்க ஒரு ஆளும் இல்லாமல், சாவகாசமாக வந்து பந்து வைத்திருப்பவனைச் சாய்த்துக்கொண்டிருந்தான். கணக்கில் பெயர் அவனுக்கு. வேலை செய்தது என் பையன்.

எதிரணியின் முன்வரிசையில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள் (உங்கள் இடத்தின் பெயரிலும் டேக்கிள் உண்டு, ஆனால் கீழே வெறும் ‘டேக்கிள்’ என்றால் எதிரணியின் இந்த ஆள்தான்). இவர்களில் இருவர் சேர்ந்து உங்கள் ஒருவரைத் தடுப்பதுதான் டபுள் டீம். உங்களுக்கு இரண்டு பேர் என்றால் மற்றவர்களுக்கு மூன்று பேர்தான் மிச்சம். எங்கோ ஒருவர் தடுப்பாரின்றி நிற்கிறார் என்று அர்த்தம். ஆகவே நீங்கள் ஜெயிக்க வேண்டியதில்லை. நின்ற இடத்தை விட்டுக்கொடுக்காமல், இருவரையும் உங்களோடு கட்டிவைத்தால் போதும்.

2000ஆம் ஆண்டு பால்டிமோர் ரேவன்ஸ் அணி இதற்கு நல்ல உதாரணம். நடுவில் சாம் ஆடம்ஸ், டோனி சிராகுசா, இருவரும் 300 பவுண்டுக்கு மேல். அவர்கள் பின்னால் லைன்பேக்கர் ரே லூயிஸ். 16 ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது வெறும் 165 புள்ளிகள். அந்தப் பருவத்து இறுதிப்போட்டியான சூப்பர் பௌலின் சிறந்த வீரர் விருது லூயிஸுக்குப் போனது. அவரை நெருங்கவிடாமல் எதிரணியின் பெரிய ஆட்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் முன்னால் நின்ற அந்த இருவர்.

படி 1: எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சென்டருக்கு நேர் எதிரே அல்லது அவருடைய ஒரு தோளை ஒட்டி நின்றால், உங்களை இருவராகத் தடுக்க வருவது பெரும்பாலும் சென்டரும் கார்டும். கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நின்றால், கார்டும் டேக்கிளும். இந்த இரண்டாவது இடத்தைப் பயிற்சியாளர்கள் ‘த்ரீ டெக்னிக்’ என்பார்கள். பந்து நகரும் முன்பே, "இருவர் வந்தால் இரண்டாமவன் எந்தப் பக்கத்திலிருந்து வருவான்?" என்று மனதுக்குள் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

படி 2: தாழ்வாகத் தொடங்குங்கள்

ஒரு கை தரையில், முதுகு தட்டையாக, பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்து, பிட்டம் தலையைவிடச் சற்று உயரமாக. கழுத்தை மட்டும் குனியவிடாதீர்கள். எதிரே நிற்பவரைப் பார்க்கிற அளவுக்குத் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். ஹெல்மெட்டின் உச்சியால் மோதுவது கழுத்தெலும்பைப் பலிகொடுக்கிற பழக்கம். இதில் சமரசமே கிடையாது.

குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) போடும் சத்தத்தைக் காதில் வாங்காதீர்கள். பந்து அசைந்ததும் கிளம்புங்கள். முதல் அடி சாண் நீளம்தான். நீட்டிப் போட்டால் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது மோதல் வந்துவிடும். கைகள் இரண்டும் எதிரே இருப்பவருடைய மார்புக்குள் போகட்டும்: முழங்கை விலாவை ஒட்டி, கட்டைவிரல் மேல்நோக்கி. அவருடைய கை உங்கள் மார்புக்குள் முதலில் வந்துவிட்டால் மிச்சத்தை அவர் தீர்மானிப்பார்.

படி 3: இரண்டாமவனைக் கண்ணால் தேடாதீர்கள், உடம்பால் உணருங்கள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் த்ரீ டெக்னிக்கில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கார்டு உங்களை விட்டு விலகிப் போனால் அது வேறு கதை. சட்டென்று நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ், அதாவது பந்தை எறியப் போகிறார்கள். நேராக உங்கள் மேல் வருகிறார், ஆனால் உங்களைச் சுற்றித் தலையை அந்தப் பக்கம் கொண்டுபோக முயலவே இல்லை, சும்மா உங்களை நிறுத்திப் பிடிக்கிறார் என்றால் உஷார். டேக்கிள் வந்துகொண்டிருக்கிறார்.

நிறுத்துபவர் ஒருவர், தள்ளுபவர் இன்னொருவர். டபுள் டீமின் சூத்திரமே இதுதான். தள்ளுபவர் குறிவைப்பது உங்கள் விலாவையும் இடுப்பையும். அந்த அழுத்தம் பக்கவாட்டில் பட்ட கணத்தில் நீங்கள் செய்ய வேண்டியதை மூளை யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, இடுப்பே செய்துவிட வேண்டும். ‘யார் இது?’ என்று தலையைத் திருப்பிப் பார்த்தால் தோள் எழும்பும், தோள் எழும்பினால் மூன்று கஜம் பின்னால் போய் மல்லாந்து கிடப்பீர்கள். என் பையன் அப்படிக் கிடந்த வீடியோக்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

படி 4: இடுப்பை உள்ளே போடுங்கள்

கைகள் நிறுத்துபவர் மேலேயே இருக்கட்டும். அழுத்தம் வந்த பக்கத்து இடுப்பைத் தாழ்த்தி, அதை அவர்கள் இருவருக்கும் நடுவே உள்ள இடுக்குக்குள் திருகுங்கள். இப்போது தள்ள வந்தவருக்குக் கிடைப்பது உங்கள் அகலமான மார்போ விலாவோ அல்ல, தோளின் விளிம்பும் இடுப்பெலும்பும்தான். பிடிமானம் இல்லாத இடத்தில் 300 பவுண்டு ஆளாலும் சரியாகத் தள்ள முடியாது. கால்கள் அகலமாகவே இருக்கட்டும், குட்டிக் குட்டி அடிகளாக ஓயாமல் நகரட்டும்.

தள்ளுபவரைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும் என்று சொல்லித்தருகிற பயிற்சியாளர்களும் உண்டு. உங்கள் பயிற்சியாளர் அப்படிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் இருவரோடும் சமமாகச் சண்டை போடச் சொல்பவர் ஒருவரும் இல்லை. இருவரையும் பாதிப் பாதி எதிர்த்தால் இருவரிடமும் தோற்பீர்கள்.

சுற்றிக்கொண்டு ஓடலாமே என்று தோன்றும். வேண்டாம். நீங்கள் விலகிப் போன இடம்தான் பந்துக்காரனுக்கு வாசல்.

படி 5: ஒருவர் கழன்றுபோகும் கணம்

பெரும்பாலான டபுள் டீம்கள் கடைசிவரை நீடிப்பதில்லை. உங்களை ஓரடி நகர்த்தியதும் ஒருவர் கழன்று லைன்பேக்கரைத் தேடிப் போவார். அந்தப் பக்கத்துப் பயிற்சியாளர்கள் இதற்கு ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறார்கள்: நாலு கை டிஃபென்சிவ் டேக்கிள் மேல், நாலு கண் லைன்பேக்கர் மேல். நீங்கள் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறீர்களோ அவ்வளவு நேரம் அந்த நாலு கையும் உங்கள் மேல்தான்.

பக்கவாட்டு அழுத்தம் திடீரென்று லேசானால் ஒருவர் போய்விட்டார். அந்த நொடியில் கையை முழுக்க நீட்டி மிச்சமிருப்பவரை உங்கள் உடம்பிலிருந்து பிரித்து, உதறிவிட்டு, பந்தை நோக்கிப் போங்கள். போகிறவரின் சட்டையைப் பிடித்து இழுக்க ஆசை வரும். அது ஹோல்டிங். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 5 கஜம் தண்டனை, கூடவே எதிரணிக்குப் புதிதாக ஃபர்ஸ்ட் டவுன் (மறுபடி நான்கு வாய்ப்பு). பிடிக்காமலே அவர் வழியில் நிற்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

படி 6: தோற்கிறீர்கள் என்று தெரிந்தால்

எல்லாம் செய்தும் பின்னால் போகிறீர்களா? சரி, அழுத்தம் வரும் பக்கத்து முழங்காலைத் தரையில் ஊன்றி, இருவரையும் உங்கள் மேலேயே சரியவிடுங்கள். மூன்று பேர் குவிந்து கிடக்கும் இடத்தில் பந்துக்காரன் ஓட முடியாது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அந்த வாசல் அடைபட்டுவிட்டது. இதை முதல் உத்தியாக மட்டும் ஆக்கிக்கொள்ளாதீர்கள். கீழே விழுந்தவர் அந்த ஒரு முறைக்கு வேறெதுவும் செய்ய முடியாது.

இன்னொன்று: ஒருவர் உங்களை மேலே பிடித்திருக்கும்போது இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால், அது உங்கள் தோல்வி அல்ல, அவர்கள் குற்றம். ‘சாப் பிளாக்’ என்று பெயர். முழங்கால் நாசமாகிவிடும் என்பதால் என்எஃப்எல் 2016இல் இதை முற்றாகவே தடை செய்தது. அப்படி நடந்தால் உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

பாஸ் ஆட்டத்தில்

இங்கே இடத்தைக் காப்பதைவிட ஊடுருவுவது முக்கியம். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒல்லியாக்கி, ஒருவருடைய பாதித் தோளை மட்டும் தாக்கி, அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து மேலே கிழித்துக்கொண்டு போக வேண்டும். இதைப் பார்த்துக் கற்க ஆரோன் டொனால்டின் பழைய ஆட்டங்களே போதும். 6 அடி 1 அங்குலம், சுமார் 280 பவுண்டு. இந்த இடத்துக்கு அது சின்ன உடம்புதான். ஓயாமல் டபுள் டீம் வாங்கியும் 2018இல் 20.5 சாக் (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) எடுத்தார். இருவரையும் தாண்ட முடியாவிட்டால் குவார்ட்டர்பேக்கின் கையைப் பார்த்து, எறியும் நேரத்தில் இரு கைகளையும் தூக்கிவிடுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

மூன்று பேர் வேண்டும். ஒருவர் உங்கள் எதிரே நின்று தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பாதி உட்கார்ந்த நிலையில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூன்றாமவர் இடமோ வலமோ, சொல்லாமல், உங்கள் இடுப்பில் கையை வைத்து மெதுவாகத் தள்ளட்டும். பட்டதும் அந்தப் பக்க இடுப்பைத் தாழ்த்தித் திருகுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பத்து முறை. உடம்புக்குப் பழகிய பிறகு வேகம் கூட்டலாம், திடீரென்று கையை எடுத்துவிட்டு ‘கழன்றுபோவதையும்’ சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் எதிரே நிற்பது நான், பக்கத்திலிருந்து தள்ளுவது பையனின் அம்மா, இடையில் ஒரு பழைய மெத்தை. முதல் வாரம் அவள் தள்ளியதில் நானும் அவனும் சேர்ந்தே விழுந்தோம். இரண்டாவது வாரம் நான் மட்டும்.