வெட்டுத்துண்டு 0 என்பதும் வெட்டுத்துண்டே இல்லை என்பதும்

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் விடைத்தாளில், ஒய் = 4 என்ற நேர்க்கோட்டின் எக்ஸ் வெட்டுத்துண்டு (கோடு எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தின் எக்ஸ் மதிப்பு) 0 என்று எழுதியிருந்ததற்குச் சிவப்பு மையில் குறுக்குக்கோடு விழுந்திருந்தது. "எக்ஸே இல்லையே அப்பா, அப்படியென்றால் 0 தானே?" என்று அவள் கேட்டபோது எனக்கும் சட்டென்று மறுமொழி வரவில்லை. அன்றிரவு வரைபடத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து எங்களுக்குத் தெளிவானதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எக்ஸ் வெட்டுத்துண்டு காண ஒய்க்கு 0-ஐயும், ஒய் வெட்டுத்துண்டு காண எக்ஸுக்கு 0-ஐயும் பிரதியிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதற்படி: சமன்பாட்டில் காணாமற்போன மாறியை எழுதிக்கொள்ளுங்கள். ஒய் = 4 என்பதை 0·எக்ஸ் + ஒய் = 4 என்று எழுதினால், எக்ஸுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது 0-ஆல் பெருக்கப்பட்டு மறைந்துவிடுவது கண்ணுக்குத் தெரியும். (−2, 4), (0, 4), (7, 4) ஆகிய மூன்று புள்ளிகளும் இக்கோட்டில்தான் இருக்கின்றன. ஆகவே சமன்பாட்டில் எக்ஸ் இல்லை என்றால் எக்ஸின் மதிப்பு 0 என்று பொருளன்று. எக்ஸ் எதுவாகவும் இருக்கலாம் என்றே பொருள். என் மகள் தவறியது இந்த இடத்தில்தான். பள்ளி நாட்களில் நானும் இங்கேதான் தவறியிருக்கிறேன்.

இரண்டாம் படி: இப்போது ஒய்க்கு 0-ஐப் பிரதியிடுங்கள். 0 = 4 என்று வரும். கணக்கில் பிழை செய்துவிட்டோமோ என்று பலர் இதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அழிக்க வேண்டாம். இக்கோடு எக்ஸ் அச்சைச் சந்திக்கும் புள்ளி எதுவும் இல்லை என்பதைத்தான் அந்தப் பொய்யான சமன்பாடு சொல்கிறது. விடைத்தாளில் 'எக்ஸ் வெட்டுத்துண்டு இல்லை' என்று எழுத வேண்டியது அதற்கு அடுத்த வரியில். எக்ஸ் = 3 என்ற கோட்டிலும் இதே முறையில் 0 = 3 என்று வருவதால் அதற்கு ஒய் வெட்டுத்துண்டு கிடையாது. சாய்வும் வரையறுக்கப்படாததால், அதனை ஒய் = எம் எக்ஸ் + சி (எம் என்பது சாய்வு, சி என்பது ஒய் வெட்டுத்துண்டு) வடிவில் எழுதவும் இயலாது.

இதனோடு ஒய் = 2எக்ஸ் என்ற கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஆதிப்புள்ளி வழியே செல்வதால் இரண்டு வெட்டுத்துண்டுகளும் உண்மையாகவே 0 ஆகும். சந்திப்பு நிகழ்கிறது, நிகழும் இடம் 0; ஒய் = 4 என்பதிலோ எக்ஸ் அச்சுடன் சந்திப்பே நிகழவில்லை. வெட்டுத்துண்டு வடிவமான எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1 (ஏ என்பது எக்ஸ் வெட்டுத்துண்டு, பி என்பது ஒய் வெட்டுத்துண்டு) என்பதில் இவ்விரு வகைக் கோடுகளையும் எழுத முடியாது என்றாலும், காரணங்கள் வேறு: ஒன்றில் ஏ, பி இரண்டும் 0 ஆகி வகுத்தல் நின்றுவிடுகிறது, மற்றதில் ஏ என்ற எண்ணே கிடைப்பதில்லை. ஒய் = 4 − எக்ஸ்/10 என்ற கோடு எக்ஸ் அச்சை 40-இலும், ஒய் = 4 − எக்ஸ்/1000 என்பது 4000-இலும் வெட்டுகின்றன; கோடு படுக்கப் படுக்க அந்தப் புள்ளி விலகிக்கொண்டே போய், முற்றிலும் படுத்தவுடன் இல்லாமலே போய்விடுகிறது.

ஒரே நேர்க்கோடு இரண்டு அச்சுகளுக்கும் இணையாக இருக்க முடியாது என்பதால் அதற்கு ஒரு வெட்டுத்துண்டாவது இருந்தே தீரும். வளைவரைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மூன்றாம் படி: ஒய் = எக்ஸ்² + 2எக்ஸ் + 5 என்ற பரவளையத்தின் தன்மைகாட்டி (குறை எண்ணாக வந்தால் மெய் மூலங்கள் இல்லை என்று காட்டும் எண்) 4 − 20 = −16; மெய் மூலங்கள் இல்லாததால் எக்ஸ் அச்சை அது தொடுவதில்லை. (எக்ஸ் + 1)² + 4 என்று மாற்றி எழுதினால், மிகத் தாழ்ந்த புள்ளியே அச்சுக்கு 4 அலகு மேலே நிற்பது தெரியும். எனக்கு இந்த வழியே பிடித்தது. ஒய் = 1/எக்ஸ் என்ற வளைவரை இரண்டு அச்சுகளையுமே தொடாது. மாறா வெப்பநிலையில் வாயுவின் அழுத்தத்தையும் கனஅளவையும் இணைக்கும் பாயில் விதியின் வரைபடம் இதன் ஒரு கிளைதான்.

திரையை நம்பி நான் ஏமாந்தது ஒய் = 2^எக்ஸ் என்ற வளைவரையில். வரைபடம் வரையும் செயலிகளில் பாடநூல்கள் ஜியோஜீப்ராவைப் பரிந்துரைத்தாலும் கைப்பேசியில் எனக்கு டெஸ்மோஸ்தான் வசதி. அதில் வரைந்தபோது இடப்பக்கம் வளைவரை எக்ஸ் அச்சோடு ஒட்டிக்கொண்டதாகவே தெரிந்தது. எக்ஸ் = −10 எனில் ஒய் = 1/1024, அதாவது ஏறத்தாழ 0.001, அச்சின் தடிமனுக்குள் அது மறைந்துவிடுகிறது. அமைப்புகளில் எக்ஸ் அச்சின் எல்லைகளை −12, −9 என்றும், ஒய் அச்சின் எல்லைகளை −0.001, 0.002 என்றும் மாற்றியவுடன் வளைவரை அச்சிலிருந்து எழும்பி நின்றது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஓர் ஆசிரியை, ஒய் = (எக்ஸ்² + 3எக்ஸ்)/எக்ஸ் என்பதற்கு ஒய் வெட்டுத்துண்டு என்ன என்று கேட்டிருந்தார். சுருக்கினால் எக்ஸ் + 3 கிடைப்பதால் நான் 3 என்று மறுமொழி எழுதிவிட்டேன். அது தவறு. மூலச் சார்பில் எக்ஸ் = 0 எனில் பகுதி 0 ஆகிவிடுவதால், (0, 3) என்ற இடத்தில் கோட்டில் ஒரு துளை இருக்கிறது; ஒய் வெட்டுத்துண்டு இல்லை. இப்போதெல்லாம் பொதுக்காரணியை அடிப்பதற்கு முன்பே ஓரத்தில் எக்ஸ் ≠ 0 என்று எழுதிவிடுகிறோம்.